போசிக்கும் ஒரு கவர்

கவர் வேண்டாம் என்பதற்காகத்தான் இன்று காலை கோழிக்கடைக்கு மூடி போட்ட எவர்சில்வர் போசியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் கறியை வெட்டி, கறுப்புக் கவரில் போட்டு, முடிச்சும் போட்டு, அந்தக் கவரைப் போசிக்குள் வைத்தார்.

“ஏனுங்க, அப்புறம் எதுக்குங்க நான் போசி கொண்டாந்தேன்?”

“கவுச்சி புடிச்சுக்குமுங்கக்கா. கழுவறது உங்களுக்குத்தானுங்க சிரமம்.”

என் போசியை நான் கழுவிக்கொள்கிறேன், கறியை நேராகப் போடுங்கள் என்றேன். போட்டார். ரத்தம் பட்ட கவர் குப்பைக்குப் போனது. மூடியை அழுத்தி மூடியவர், புதிதாக இன்னொரு கவரை உருவி, போசியையே அதற்குள் இறக்கினார்!

“இது எதுக்குங்க?”

“போசிய வெறுமனே நீட்டுனா மரியாதையா இருக்காதுங்களே.”

வந்த கோபத்தில் கவரைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். பின்னால் நின்ற பெண் சட்டென்று எடுத்து மடித்துக்கொண்டார். “நான் எடுத்துக்கறேனுங்க. ஊட்ல குப்பை போட ஆகும்.”

கவரைக் குறைக்கப் போய், ஒன்றுக்கு இரண்டாகச் செலவு வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

திருச்செங்கோட்டில் போசியில் நேராகக் கறி போடும் கடை இருந்தால் சொல்லுங்கள். மரியாதை தெரியாத கடையாக இருந்தாலும் பரவாயில்லை.