அப்புசாமியின் நெட்டைப் பிட்டு

பீளமேட்டில் மில் ஃபிட்டர் அப்புசாமியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாவிட்டாலும் அவரே வந்து தெரியப்படுத்திவிடுவார். ஏர் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, எண்ணெய் வாசனையைத் தேடிப் போனவர். எந்த இயந்திரம் நின்றாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "உடுங்க, நானாச்சு" என்பார். வாய் நீளம்தான், ஆனால் சொன்னதைச் செய்து காட்டுகிற கை.

இரும்பில் ஓட்டை போடுகிற பிட்டு என்றால் அவருக்கு உயிர். அவர் பிட்டு என்று ஆரம்பித்தாலே மனைவி பழனாத்தாள், தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுக் கொண்டுவரட்டுமா என்று கேட்டுச் சிரிப்பாள். மரத்துக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று, இரும்புக்கு முறுக்கு விழுந்தது ஒன்று. மாற்றிப் போட்டால் வேலையும் கெடும், பிட்டும் கெடும் என்பார். நீளத்தில் இன்னும் கறார். ஓட்டையின் ஆழத்தைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும், அதற்கு மேல் போனால் ஆடும், ஒடியும் என்று மில்லில் எல்லாருக்கும் பாடம் எடுப்பார். அப்படிப்பட்டவரிடம் முழங்கை நீளத்துக்கு ஒரு சீமைப் பிட்டு இருந்தது. எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்து, கேட்டவர் கேட்காதவர் எல்லாருக்கும் காட்டுவார். அந்த விஷயத்தில் மட்டும் அவர் உபதேசம் அவர் காதிலேயே விழவில்லை.

நீலகிரி பைக்காரா மின்நிலையத்திலிருந்து கரண்டு வந்த புதிது. கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டம் பார்த்துவந்த தங்கை சாமியாத்தாள், அண்ணன் பேச்சைக் கேட்டு, கவலை பூட்டித் தோல்பறியில் தண்ணீர் இறைத்த காளைகளை விற்றுவிட்டுக் கிணற்றில் மோட்டாரும் பம்பும் வைத்தாள். புருஷனை இழந்தவளுக்கு அந்தத் தோட்டம்தான் பிழைப்பு. மிளகாய் பூத்து நின்ற சமயம் பார்த்துப் பம்பில் குழாயைச் சேர்க்கிற போல்ட் முறிந்து, பாதி உள்ளேயே தங்கிவிட்டது. காற்றுப் புகுந்ததால் தண்ணீர் ஏறவில்லை. செடிகள் தலை தொங்கின. ஆள் வந்து சொன்னதும் அப்புசாமி கைக்குக் கிடைத்ததைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

தோட்டத்தில் மாட்டுத் தரகர் நஞ்சுண்டன் ஒரு ஜோடிக் காளைகளோடு நின்றிருந்தார். சாமியாத்தாள்தான் வரச் சொல்லியிருந்தாள்.

"பொழுதுக்குள்ள தண்ணி வரலீன்னா, பம்பக் குடுத்துப்போட்டுக் காளையப் புடிச்சுக்கறேனுங்ண்ணா," என்றாள்.

அவள் கத்தியிருந்தால்கூட அப்புசாமிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கிணற்றுக்குள் பம்பு வைத்திருந்த பாறைத் திட்டில் இறங்கிப் பார்த்தார். முறிந்த போல்டின் நடுவில் ஓட்டை போட்டால் மிச்சத்தைத் திருகி எடுத்துவிடலாம். அந்தக் கனத்தில் இருந்த குட்டைப் பிட்டு மில்லிலேயே தங்கிவிட்டது. பையில் இருந்தது நெட்டைதான். கை டிரில்லில் மாட்டினால் பின்னால் பாறை இடித்தது. சாய்த்துப் பிடித்துச் சுற்றியதும் நுனி வழுக்கி ஓடியது. இன்னும் அழுத்தினால் ஓட்டை கோணலாகப் போய்ப் பம்பையே கெடுத்துவிடும். மில்லுக்குப் போய்க் குட்டையை எடுத்துவரலாம் என்றால், அதற்குள் பொழுது சாய்ந்து காளை கைமாறிவிடும்.

மேலே ஏறி, கொல்லர் மாசாணத்தின் பட்டறைக்குப் போனார். நெட்டையைக் குறட்டில் இறுக்கிச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்தார். அது ஒடிந்தது. மாசாணம் பதறிப்போனார். அப்புசாமி ஒடிந்த துண்டை எடுத்து நீளம் பார்த்தார்.

"நீளமா இருந்தா ஊருக்குக் காட்டலாமுங்க. வேலைக்கு இதுதானுங்க," என்றார்.

கையில் மிஞ்சிய குட்டையைச் சாணையில் பிடித்து, சூடேறிப் பதம் போய்விடாமல் அடிக்கடி தண்ணீரில் தோய்த்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் கூராக்கினார்.

மறுபடி கிணற்றில் இறங்கினார். போல்டின் நடுவில் உளியால் ஒரு குழி தட்டி, அதில் பிட்டை நிறுத்திச் சுற்றினார். அது ஆடாமல் அசையாமல் நேராக இறங்கியது. இரும்பு சுருள் சுருளாக வெளியே வந்தது. மிச்சத்தைத் திருகி எடுத்து, புது போல்டை இறுக்கி, பம்பில் தண்ணீர் நிரப்பிவிட்டு, சுவிட்சைப் போடச் சொல்லி உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். அந்தக் குரலில் துளிகூடச் சந்தேகம் இல்லை.

குழாய் கொஞ்சம் காற்றைக் கக்கிவிட்டுத் தண்ணீரை வாய்க்காலில் கொட்டியது. அப்புசாமி மேலே வந்தபோது தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தான் வந்த காரியம் என்ன ஆயிற்று என்று நஞ்சுண்டன் மெல்லக் கேட்டார்.

"காளைங்களுக்கு நல்லாத் தண்ணி காட்டி ஓட்டீட்டுப் போங்க," என்றாள் சாமியாத்தாள். "எங்கண்ணன் எறச்ச தண்ணிங்க."