அக்காவை உட்கார வைத்தவர்கள்

அக்கா குளியலறையில் விழுந்த அன்று, பார்க்க வந்த உறவினர்கள் எல்லாரும் அவளிடம் ஒன்றையேதான் கேட்டார்கள்: “ஏன் எழுந்து நடந்தீங்க?” நெற்றியில் தையலோடு சாய்ந்திருந்தவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

செமோர் தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் அவள். சிறுநீரகம் கெட்டு, ஈப்போவுக்கு டயாலிசிஸுக்குப் போகத் தொடங்கியதும் குடும்பமே சேர்ந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. அவள் கணவர், எங்கள் மச்சான், அன்பானவர்; அந்த அன்பினாலேயே வாசல் கேட்டைப் பூட்டினார். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட, “நீ ஒக்காரு, நான் எடுத்துட்டு வாரேன்” என்பார். திடலைச் சுற்றி ஓடிய கால்கள் மெலிந்து குச்சியாயின. அவள் விழுந்தது நடந்ததால் அல்ல, நடக்கவே விடாததால்.

அடுத்த முறை டயாலிசிஸ் நிலையத்துக்கு நானும் போனேன். தையலைப் பார்த்த டாக்டர், இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்துவிட்டு, இயன்முறை சிகிச்சை தரும் பெண்ணை அனுப்பினார். அவள் சைக்கிள் போல மிதிக்கும் சிறிய பெடல் கருவியைக் கொண்டுவந்து அக்காவின் காலடியில் வைத்தாள்.

“மெஷின்ல இருக்கப்பவே மிதிக்கலாம் டீச்சர். ஆரம்பத்துல, மெதுவா. ஊசி குத்துன கைய மட்டும் அசைக்காதீங்க. தல சுத்துனா, நெஞ்சு வலிச்சா உடனே நிறுத்திச் சொல்லிரணும். டயாலிசிஸ் இல்லாத நாள்ல, பேசிக்கிட்டே நடக்க முடியிற வேகத்துல நடங்க.”

“இத மொதல்லயே ஏன் யாரும் சொல்லல?” என்றாள் அக்கா.

“யாரும் கேக்கலலா, டீச்சர்.”

கேட்கத் தெரியாதவர்களுக்குச் சொல்வது யார் வேலை? இன்றும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

அக்கா மிதித்தாள். வீட்டில் மேசையைப் பிடித்து எழுந்து உட்கார்ந்து பழகினாள். பிறகு மச்சானிடம் சாவியைக் கேட்டாள். அவர் தயங்கியபோது, “பூட்டி வெக்க நான் என்ன கைதியா?” என்று கத்தினாள். மறுநாளிலிருந்து கடைத்தெரு வரை நடந்து, தோசை வாங்கி வந்தாள். அக்கம்பக்கத்தார் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

சில ஆண்டுகள் கழித்து, தூக்கத்திலேயே அவள் இதயம் நின்றது. இழவு வீட்டில் ஓர் அத்தை மூக்கைச் சிந்தியபடி, “அந்த நடதான் அவளக் கொன்னுச்சி” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் எழுந்துவிட்டார்.

“நடந்தப்பதான் அவ உயிரோட இருந்தா. ஒக்கார வெச்சவன் நான்லா. பேசுறதா இருந்தா என்னப் பேசுங்க.”