சாமி காலடியில் ஒரு பேரு

திண்டிவனத்தில் லூசியா போட்ட ஃபிரேமைக் குறை சொல்ல ஆள் கிடையாது. இருபது வருசமாக அந்தோணியாரும் ஆரோக்கிய மாதாவும் அவள் கையால்தான் கண்ணாடிக்குள் போகிறார்கள். அவளுக்கு ஒரு பழக்கம். படத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தால் முதல் வேலையாக அதை வெட்டி எறிந்துவிடுவாள். சாமி காலடியில் வியாபாரி பேரா? அநியாயம்!

ஒரு நாள் பொம்மையார்பாளையத்து கெஸ்ட் ஹவுஸ்காரர் கோகுலகிருஷ்ணன் ஒரு பழைய படத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். இது சரியாக வந்தால் இன்னும் நாற்பது படம் அவளுக்குத்தான் என்றார். படத்தில் ஒருவர் முக்காலியில் நிற்கிறார். தலைமுடி சிலிர்த்து நிற்கிறது, விரல்களிலிருந்து ஒளி பாய்கிறது, சுற்றிலும் சனம் வாயைப் பிளந்து பார்க்கிறது. யாரோ பிரெஞ்சு தேசத்துப் புனிதர் என்று லூசியா சிலுவை போட்டுக்கொண்டாள். அடியிலிருந்த பொடி எழுத்தை வெட்டினாள்.

மறுநாள் மதியம் அவரிடமிருந்து போன் வந்தது.

"கிளியனூர் தாண்டிட்டேன், வந்துக்கினே இருக்கேன். சொல்ல மறந்துட்டேங்க. அது கரண்டு கண்டுபுடிச்ச புதுசுல ஷாக் வேடிக்க காட்டுன ஆளு. செம்புத் தகட்டுல செதுக்கி அச்சடிச்சது. செதுக்குனவர் பேரு அடியில இருக்கு. அது இருந்தாதான் அந்தப் படத்துக்கு மரியாத. பத்தரமா பாத்துக்கங்க."

லூசியா போனை வைத்தாள். குப்பைக் கூடையைத் தரையில் கொட்டித் துழாவினாள். துண்டு கிடைத்தது. கத்தி எழுத்தின் நடுவில் ஓடியிருந்தது. பாதி படத்தில், பாதி துண்டில். ஒட்டினாலும் தழும்பு தெரியும்.

படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையைக் கொஞ்சம் மேலே ஏற்றினால் வெட்டு மறைந்துவிடும். கண்ணாடி போட்டு ஆணி அடித்துவிட்டால் எவன் பிரித்துப் பார்க்கப் போகிறான்? அட்டையை வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக மறைந்தது. பாவி மனசு நாற்பது, நாற்பது என்று அடித்துக்கொண்டது. வாசலில் கார் நின்றது. அட்டையை எடுத்துவிட்டாள்.

"வெட்டிட்டேங்க. சாமின்னு நெனச்சிட்டேன்."

அவர் துண்டையும் படத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். திட்டியிருந்தாலாவது தேவலை. இரண்டையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு காரில் ஏறினார். பின் சீட்டில் அந்த நாற்பது படங்களின் பெட்டி இருந்தது. அது இறங்கவே இல்லை.

அதற்கடுத்த நாள் இன்னாசியம்மாள் தன் அந்தோணியார் படத்தை வாங்க வந்தாள்.

"இன்னாடி லூசியா, சாமி காலடியில பிரஸ் பேரு கெடக்குது? கண்ணு தெரியலியா?"

"தெரியுதுக்கா," என்றாள் லூசியா, கண்ணாடியைத் துடைத்தபடியே. "அது கெடக்கட்டும்."