மூன்றாவது நீக்கிலாப்பிள்ளை

குருநகரில் பெயருக்குப் பஞ்சம். பாட்டன் பெயர் பேரனுக்கு, அவன் பெயர் அவனுடைய பேரனுக்கு என்று ஒரே பெயரைத் தேயத் தேயப் புழங்குவார்கள். கோயில் வரலாற்றிலேயே இரண்டு நீக்கிலாப்பிள்ளைகள் உண்டு. ஒருவர், கத்தோலிக்கக் குருமாரைத் துரத்திய ஒல்லாந்தர் காலத்தில் குருவானவரை வலைக் குவியலுக்குள் ஒளித்துவைத்த உபதேசியார். மற்றவர் நூறு வருசம் பிந்தி, பாய்க்கப்பலை ஓட்டிக் கோயில் மணியைக் கொண்டுவந்த தண்டையல்.

செபஸ்தியம்மாவின் புருசனுக்கும் அதே பெயர்தான். மணி அடிக்கும்போதெல்லாம் அவர், "கேட்டியே, நான் கொண்டந்த மணி" என்பார். "உந்தப் புழுகுக்குக் குறைச்சலில்லை" என்பாள் அவள். சண்டைக் காலம்; 2007 மாசியில், வலைக்கு நூல் வாங்கச் சைக்கிளில் பட்டணம் போன மனுசன் திரும்பவில்லை. அவள் தேடாத இடமில்லை, ஏறாத முகாம் படியில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாள்.

பிள்ளைகளும் இல்லை. அயலார் அவள் முன்னால் அந்தப் பெயரை விழுங்கிக்கொண்டார்கள். அதைக் கேளாமல் அவளுக்குக் காது நொந்தது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆத்துமாக்கள் திருநாளில், செத்தவர்களின் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் குருவானவர் பூசையில் வாசிப்பார். அவள் உபதேசியாருக்கு ஒன்று, தண்டையலுக்கு ஒன்று என்று இரண்டு துண்டு கொடுப்பாள். "நீக்கிலாப்பிள்ளை, நீக்கிலாப்பிள்ளை" என்று கோயில் முழுக்கக் கேட்கும். கள்ளிதான். ஆனால் அந்த இரண்டு சொல்லில்தான் அவளுக்கு ஒரு வருசம் ஓடும்.

போன வருசம் புதிதாக வந்த றயன் அடிகளார் எதையும் ஒழுங்குபடுத்துகிறவர். ஒரே பெயர் இரண்டு தரம் வருகிறதே என்று கோயில் மூப்பரிடம் விசாரித்து, "உபதேசியார் நீக்கிலாப்பிள்ளை, மணி கொண்டுவந்த தண்டையல் நீக்கிலாப்பிள்ளை" என்று விளக்கமாக வாசித்துவிட்டார். பெயர்கள் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. செபஸ்தியம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

பூசை முடிந்ததும் அவரிடம் போனாள்.

"பாதர், பின்னேரம் சேமக்காலையிலை வெறும் பேரை மட்டும் சொல்லுங்கோ."

"அப்ப ஆர் ஆரெண்டு தெரியாதே அம்மா."

"தெரியக்கூடாது பாதர். அதுக்குள்ளை என்ரை மனுசனும் நிக்கிறார்."

அவள் புருசன் காணாமல்போன கதை அடிகளாருக்குத் தெரியும். "உயிரோடை இருக்கிறவைக்கும் பூசை ஒப்புக்குடுக்கலாம்தானே?"

"செத்தவர் எண்டு எழுதமாட்டன். இருக்கிறார் எண்டு எழுதவும் கை வருகுதில்லை."

பின்னேரம் சேமக்காலையில், தண்டையலின் கல்லறைக்கு முன்னால் அடிகளார் அந்தப் பெயரை இரண்டு தரம் சொன்னார். சனம் நித்திய இளைப்பாற்றி கேட்டுச் செபித்தது. செபஸ்தியம்மாவும் சேர்ந்து செபித்தாள். தீர்த்தம் தெளித்துக்கொண்டு அவளைக் கடக்கும்போது, அவளுக்கு மட்டும் கேட்கும்படி மூன்றாம் தரமும் சொன்னார்.

அதற்கு அவள் செபிக்கவில்லை. கோயில் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

"கேக்குது, உங்கடை மணி. இனி வாங்கோவன்" என்றாள்.