மூன்று படங்களும் ஒரு நன்றியும்

லா செரேனா நகரில் வானியலாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. ரொட்டிக்கடை வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் வியாழனின் நிலவுகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவராக இருப்பார், வாங்கிய ரொட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவார். இவர்களில் யாருக்குப் புது வேலை, யார் ஜெர்மனிக்குப் போகிறார், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் நூரி அர்தீலெஸுக்கு அத்துப்படி. தேசிய வானியலாளர் சங்கத்தின் மாதச் செய்திமடலை ஒன்பது வருஷமாகத் தொகுத்துவந்தவள் அவள்தான்.

அது ஓய்வு நாட்களில் செய்கிற வேலை. பிழைப்பு மலைமேல் இருக்கிற வானாய்வகத்தில். எட்டு இரவு மேலே, ஆறு நாள் கீழே என்று இருபத்து மூன்று வருஷம் தொலைநோக்கியை இயக்கினாள். ஆய்வாளர்கள் வானத்தில் ஓர் இடத்தைச் சொல்வார்கள், நூரி கருவியை அங்கே திருப்புவாள், காற்றைப் பார்ப்பாள், மூடுபனி ஏறினால் கூரையைச் சாத்துவாள், நடந்த ஒவ்வொன்றையும் நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதுவாள்.

செய்திமடலின் டிசம்பர் இதழில் ஒரு பக்கம் உண்டு. அந்த வருஷம் சங்கத்தில் சேர்ந்த புது உறுப்பினர்களின் பெயரும் படமும். உறுப்பினராக வேண்டுமென்றால் மூன்று ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியராகப் பெயர் இருக்க வேண்டும். படிப்பைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. நூரியின் பெயர் இரண்டில் இருந்தது. இன்னும் நூற்றுச் சொச்சம் கட்டுரைகளின் கடைசிப் பத்தியில் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். நூறு நன்றி சேர்ந்தாலும் ஒரு கட்டுரை ஆகாது. பிளாசா என்கிற ஊர்ச் சதுக்கத்துக்கு எதிரே இருக்கிற ஸ்டுடியோவில், நீல ரவிக்கை போட்டு, அந்தப் பக்கத்துக்கென்றே ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை. அதை எடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

மலையில் அவளோடு வேலை பார்க்கும் ஆய்வாளர் டாக்டர் காஸ்தோன் உர்ரெஹோலாவுக்கு மட்டும் தெரியும். அவர் நூரியின் மகள் ரொமினாவுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் அவர் இவளுக்குக் கொம்பாத்ரே, இவள் அவருக்குக் கொமாத்ரே. எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவர்களோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு கூடாது.

ஒரு ஜனவரியில், விடிய இரண்டு மணி நேரம் இருக்கையில், திரையில் வந்த படத்தின் இடது மூலையில் நூரி ஒரு புள்ளியைப் பார்த்தாள். முந்தின நாள் அது அங்கே இல்லை.

"கொம்பாத்ரே, இது புதுசா இருக்கே."

காஸ்தோன் எட்டிப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "கண்ணாடியில பட்டுத் தெறிச்ச வெளிச்சம். விடு, அடுத்ததுக்குப் போ."

அவர் காப்பி எடுக்க எழுந்து போனார். நூரி அடுத்ததுக்குப் போகவில்லை. தெறித்த வெளிச்சமென்றால் கருவியைக் கொஞ்சம் நகர்த்தினால் அது இடம் மாறிவிடும். நகர்த்தினாள். புள்ளி பக்கத்து விண்மீன்களை விட்டு அசையவில்லை. மூன்று படம் எடுத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்து, கீழே தன் முதலெழுத்துகளைப் போட்டாள்.

மூன்றாம் நாள் ஆஸ்திரேலியாக்காரர்கள் அந்த இடத்தில் ஒரு விண்மீன் வெடித்திருப்பதாக உலகத்துக்கு அறிவித்தார்கள். வெடிப்பு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த நேரத்தின் படங்கள் அவர்களிடம் இல்லை. காஸ்தோனிடம் மூன்று இருந்தன.

மலையிலிருந்து ஆட்களை இறக்கிவிடும் பேருந்தை நூரியின் கணவன் ஓசியேல்தான் ஓட்டுவான். அவன் காதில் விழும்படி காஸ்தோன் சொன்னார்: "கொமாத்ரே, இந்தக் கட்டுரையோட உனக்கு மூணாச்சு. ஞானமக மேல சத்தியம்."

ஆகஸ்ட் மாதத்து மடலுக்காக நூரி புதுக் கட்டுரைகளின் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அந்தக் கட்டுரை வந்தது. பதினொரு பெயர்கள். மூன்று தடவை எண்ணிப் பார்த்தாள். நான்காவது பெயர் துறைத் தலைவருடையது, அவர் மலையேறியே எட்டு வருஷம் இருக்கும். கடைசிப் பக்கத்துக்குப் போனாள். 'படங்களை எடுக்க உதவிய தொலைநோக்கி இயக்குநருக்கு நன்றி.' அவள் பெயரைக்கூட எழுதவில்லை. பிறகு பதினொரு பெயரையும் எழுத்துப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்தாள். வேறென்ன செய்வாள், மடல் மறுநாள் போக வேண்டும்.

"உன் கொம்பாத்ரே சத்தியம் பண்ணினப்போ கியர் மாத்திட்டிருந்தேன். சரியாக் கேக்கலையோ என்னவோ," என்றான் ஓசியேல். அவள் சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் காஸ்தோனே வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு பெட்டி பப்பாளி மிட்டாயோடு. ஆஸ்திரேலியாக்காரர்கள் படங்களின் நேரத்தைச் சந்தேகிக்கிறார்களாம். அந்த வாரம் கணினியின் கடிகாரம் பழுதாகிக் கிடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நூரி கையால் பதிவேட்டில் குறித்த நேரம் ஒன்றுதான் இப்போது சாட்சி, பதிவேடும் அவள் பொறுப்பில்தான்.

"அந்த ஒரு பக்கம் மட்டும் வேணும் கொமாத்ரே."

"என் பேர் எங்க போச்சு?"

காஸ்தோன் மிட்டாய்ப் பெட்டியின் நாடாவை அவிழ்த்துக் கட்டினார். "போட்டுத்தான் இருந்தேன். தலைவர் பேரைச் சேக்கணும்னாங்க, ஒருத்தரை எடுக்கணும்னாங்க. யாரை எடுத்தாலும் கோவிச்சுக்குவாங்க. நீ வெளியாளா? நீ வீட்டாளு. புரிஞ்சுக்குவேன்னு..."

வெளியாளாக இருந்திருந்தால் பெயர் தப்பியிருக்கும் என்று அவர் வாயாலேயே சொல்கிறார். அது அவருக்கு உறைக்கவில்லை. நூரிக்கு உறைத்தது. ஆனாலும் எழுந்து போய், வீட்டில் வைத்திருந்த அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துவந்து நீட்டினாள். அது அவள் எழுதிய பக்கம். சரியாக எழுதிய பக்கம்.

காஸ்தோன் படித்தார். '3:12. இடது மூலையில் புதுப் புள்ளி. தெறித்த வெளிச்சம், விட்டுவிடு என்கிறார் டாக்டர். கருவியை நகர்த்திப் பார்த்தேன், அசையவில்லை. மூன்று படம் எடுத்தேன். நூ. அ.'

அவர் காது சிவந்தது. "இந்த வரி... இது வேணுமா?"

"முழுப் பக்கமும் போடறதுன்னா கொண்டு போங்க. இல்லன்னா வச்சுட்டுப் போங்க."

"முழுசாத்தான். திருத்தம்னு ஒண்ணு அனுப்பி உன் பேரையும் சேத்துடறேன். டிசம்பருக்குள்ள வந்துடும்."

நம்பினாள். பதினைந்து வருஷப் பழக்கத்தை ஒரு சாயங்காலத்தில் உதற முடியுமா? அன்றிரவு நீல ரவிக்கைப் படத்தை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

அக்டோபரில் சங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கென்று சிறப்பிதழ் போடுகிறோம், தலைநகர் சாந்தியாகோவிலேயே தயாரித்துக்கொள்கிறோம், நீங்கள் இந்த மாதம் ஓய்வெடுங்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக நூரி மடலை மற்றவர்களைப் போலத் திறந்து பார்த்தாள். முதல் பக்கத்திலேயே பெரிதாக அவள் கையெழுத்து. தேதி, '3:12', 'இடது மூலையில் புதுப் புள்ளி'. அதோடு கத்தரித்திருந்தார்கள். கீழே எழுதியிருந்தது: 'டாக்டர் உர்ரெஹோலாவின் பதிவேட்டிலிருந்து.'

ஓசியேல் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "இந்த மூணுங்கற நம்பர்... நீ எழுதற மூணுதானே?"

"ஆமா," என்றாள் நூரி. அதற்கு மேல் பேச முடியாமல், நாற்பத்தெட்டு வயதுப் பெண்பிள்ளை, அடுப்படியில் நின்று அழுதாள்.

திருத்தம் வரவில்லை. டிசம்பர் மடல் மறுபடி அவள் கைக்கே வந்தது. நான்கு புது உறுப்பினர்கள், நான்கு படங்கள். பக்கம் நிறைந்துவிட்டது.

அதற்கடுத்த வாரம் மலையில் காஸ்தோனின் முறை. சூரியன் இறங்கி, கடல்பக்கம் இன்னும் சிவப்பு மிச்சமிருக்கையில் முதல் படம் வந்தது. வலது ஓரத்தில் மங்கலாக ஒரு புள்ளி. நூரி அதைப் பார்த்தாள். காஸ்தோனும் பார்த்தார்.

"தெறிச்ச வெளிச்சம்தானே கொமாத்ரே?" என்றார். கொஞ்சம் தயங்கி, "நீ என்ன நினைக்கிற?" என்றார்.

"நீங்க சொன்னாச் சரிதான் டாக்டர்."

டாக்டர் என்ற சொல்லுக்கு அவர் திரும்பிப் பார்த்தார். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப... விடு. அடுத்ததுக்குப் போ."

நகர்த்திப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. கை விசைகள்மேல்தான் இருந்தது. நூரி கருவியை அடுத்த இடத்துக்குத் திருப்பினாள். பிறகு பதிவேட்டை இழுத்து எழுதினாள்: '8:51. வலது ஓரத்தில் ஒரு புள்ளி. விட்டுவிடச் சொன்னார் டாக்டர். விட்டுவிட்டேன். நூ. அ.'