காற்று வராத மூலை

அன்று மாடியில் இருந்தவர்கள்: நகரசபை ஓவர்சியர். அளவு நாடா பிடிக்க அவரோடு வந்த ஆள். எங்கள் முதலாளி. அங்கே குடியிருந்த எட்டுக் குடும்பங்கள். அதில் ஒன்று நாங்கள். நான், என் மனைவி, அவள் மடியில் எங்கள் பெண். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

கீழே கடைகள். மேலே தோல் காய வைக்கும் மாடி. சுவருக்குப் பதில் இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டங்கள். தோலுக்குக் காற்று வேண்டும். முதலாளி காய வைக்கும் வேலையைப் பாலாற்றங்கரைக்கு மாற்றியதும் மாடி காலியானது. தோல் கம்பெனியில் வேலை செய்த நாங்கள் கோணியால் தடுத்துக் குடியேறினோம். ஆம்பூரில் அந்த வாடகைக்கு வேறு இடம் கிடையாது.

எங்கள் இடம் கடைசி மூலை. அங்கே மட்டும் மரச்சட்டம் இல்லை, அடுத்த அரிசி மண்டியின் சுவர். மார்கழிக் குளிர் உள்ளே வராது. பிள்ளை பிறக்கும் என்று தெரிந்ததும் முந்திக்கொண்டு அதைப் பிடித்தேன்.

“இன்னா மச்சான், மூலையா பாத்து புடிச்சிக்கின. மாமியா வூட்டு சீரா?” என்பான் பக்கத்துத் தடுப்புக்காரன். தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் என்னோடு வேலை செய்தவன்.

“உனக்குக் காத்து வேணும்னா வாங்கிக்கோண்ணா. எங்கொயந்தைக்கு வேணாம்” என்பாள் மனைவி.

கடைக்கு மேலே சும்மா கிடக்கும் மாடியை வீடாக்கிக் குறைந்த வாடகைக்கு விட்டால் வரியில் தள்ளுபடி என்று நகரசபை சொல்லியிருந்தது. முதலாளி சரி என்றார். அதை அளக்கத்தான் வந்தார்கள்.

ஓவர்சியர் ஒவ்வொரு தடுப்பாகப் பார்த்தார். சட்டத்தை எடுத்துவிட்டுச் செங்கல் வைக்க வேண்டும், சன்னல் விட வேண்டும் என்றார். எங்கள் இடத்துக்கு வந்து நின்றார்.

“இங்க சன்னல் எங்க?”

“இல்லீங்க.”

“சன்னல் இல்லாம வீடுன்னு எழுத முடியாது. குடோன்னுதான் எழுதணும்.”

“ஓட்டுல கண்ணாடி வெச்சிக்கிறேங்க.”

“வெளிச்சம் வேற, காத்து வேறப்பா.”

முதலாளி மண்டிச் சுவரைத் தட்டிப் பார்த்தார். “இதுல கை வெச்சா மண்டிக்காரன் கோர்ட்டுக்கு இழுப்பான். நமக்கு பேஜாரு.”

பக்கத்துத் தடுப்புக்காரன் முன்னால் வந்தான். “எங்களோட இருக்கட்டும் சார். ரெண்டு வூடும் ஒண்ணுதான்.”

“ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம். இல்லன்னா மறுபடியும் கோணி கட்டுவீங்க” என்றார் ஓவர்சியர். கோபமாகச் சொல்லவில்லை.

இடத்தை மாற்றிக்கொள்கிறேன் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்.

நாடா பிடித்த ஆள் தூணுக்குத் தூண் சுண்ணாம்புக் கட்டியால் வீட்டு எண் போட்டுக்கொண்டு வந்தான். எங்கள் தூணுக்கு முன்னால் கட்டியைப் பையில் போட்டுக்கொண்டான். மனைவி பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கோணியை அவிழ்த்தாள்.

ஆற்றோரம் குடிசை போட்டோம். நான்கு பக்கமும் காற்று.

மாடி வேலை முடிந்ததும் ஒருநாள் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு சன்னல், ஒரு கதவு. முதலாளி சொன்ன சொல் தவறவில்லை, வாடகை ஏறவில்லை. எங்கள் மூலையில் உப்பு மூட்டை அடுக்கியிருந்தது.

வீடுகள் ஏழு.