பின்வரிசைப் படக்காரர்

மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மசூர் படம் எடுப்பார். பிரமுகருக்குப் பொன்னாடை விழும் நேரம் மற்றக் கமெராக்கள் எல்லாம் ஒரு பக்கம் மின்ன, இவர் மட்டும் பிளாஸ்ரிக் கதிரையில் ஏறி நின்று கூட்டத்திலுள்ள ஓர் அண்ணனைப் பார்த்துக் கையை வீசுவார். "காக்கா, தொப்பியக் கொஞ்சம் மேல தூக்குங்க. மூஞ்சி தெரியாட்டி ஆரு பார்க்கிற?" கல்முனையில் பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டி என்றாலும் கட்சிக் கூட்டம் என்றாலும் அவருடைய கொள்கை ஒன்றுதான்: ஒரு முகத்துக்கு ஒரு குடும்பம் வரும்.

வருவது அவருடைய இணையத்தளத்துக்கு. கல்யாண வீடியோக் கடையைச் சுனாமி கொண்டுபோனது. அன்று சம்மாந்துறைக் கல்யாணமொன்றுக்கு எடுத்துப்போன கமெரா மட்டும் மிஞ்சியது. அதைக் கொண்டு தொடங்கியதுதான் இந்தத் தளம். உள்நாட்டுச் சண்டை முடிந்து அடுத்த வருடமே கட்டாரிலும் சவூதியிலும் நம்மூர் ஆட்கள் வேலை முடிந்து அறைக்கு வந்து முதலில் திறப்பது இதுவாகிவிட்டது. செய்தி இரண்டு வரி. படங்களோ உருட்ட உருட்ட வரும். கீழே வாசகர் எழுதுவார்: "மூணாவது வரிசை பச்சைச் சாரன் உடுத்திருக்கிறவரு என்ட வாப்பா. கண்ணாடி மாத்தியிரிக்காரு, எனக்குச் சொல்லவேயில்ல."

சுகயீன லீவு போட்ட கிளாக்கர் ஒருவர் கிரிக்கட் போட்டிப் படத்தில் துள்ளிக்கொண்டு நின்றார். சண்டைக்கு வந்தார். மசூர் படத்தைத் திறந்து காட்டினார். கிளாக்கர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "துள்ளல் நல்லாத்தான் விழுந்திரிக்கி" என்றார். மறுநாள் மச்சான்மாரையும் கூட்டிவந்து காட்டினார்.

பாண்டிருப்புத் தீமிதிப்புக்கும் போவார். தீயைப் படமெடுக்கமாட்டார். ஏன் என்று கேட்டேன். "தீய எடுக்க நூறு பேர் இரிக்காங்க. தீயப் பார்க்கிற செல்லத்தங்கம் அக்காவ எடுக்க ஆரு இரிக்கா? மகன் கட்டார்ல."

ஒருநாள் கொழும்பிலிருந்து டை கட்டிய தம்பி ஒருவர் வந்தார். தேடுபொறியில் தளங்களை முதற்பக்கத்துக்கு ஏற்றிவைப்பது அவருடைய கம்பனியின் தொழில். எந்தச் சொல்லை எங்கே செருகவேண்டும் என்று மடிக்கணினியை விரித்து விளக்கினார். மசூர் பொறுமையாகக் கேட்டார்.

"நம்மட ஆக்கள் தேடி வாறல்ல தம்பி. சாச்சிர மகன் போன் எடுத்து, 'ஒண்ட மாமாட படம் வந்திரிக்கி, வாயத் திறந்துக்கிட்டு நிக்காரு' எண்டு சொல்லுவான். அதுக்கு மறுகாத்தான் வருவாங்க."

"அது எத்தனை நாளைக்கு சேர்?"

"சாச்சிமார் இரிக்கிற வரைக்கும்."

தம்பியை வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுத்து அன்றே போட்டார். தம்பி பொத்துவில்காரர். பொத்துவிலிலிருந்து அவருடைய சின்னம்மாமார் உட்படப் புதிதாகப் பலர் தளத்துக்கு வந்து, பிள்ளை மெலிந்துபோனதாகக் கவலைப்பட்டிருந்தார்கள்.

மனைவி நதீராவுக்கு இந்த வெற்றியில் பெரிய மயக்கமில்லை. சுனாமிக்குப் பிறகு அவர்கள் குடியிருப்பது தகரக் கொட்டிலில். "ஊராக்கள்ற மூஞ்செல்லாம் உலகம் பார்க்கிது. நம்மட மூஞ்சி மட்டும் தகரத்துக்குள்ள வேகுது" என்பார்.

கடைசியில் வீட்டுத்திட்டம் முடிந்தது. சாவி கொடுக்கும் விழாவுக்கு முதல்நாள் கௌரவ பாராளுமன்ற உறுப்பினரின் இணைப்புச் செயலாளர் மசூரைத் தேடி வந்தார். பயமுறுத்தல் என்று யாரும் சொல்லமுடியாத மரியாதையான குரல் அவருக்கு.

"முதலாம் பக்கத்துல நம்மட எம்.பி. சேர் மட்டும். பெரிசா. சனம் வேணாம். ஒங்கட பேரும் வீட்டு லிஸ்ட்ல இரிக்கி, மசூர். இரிக்கத்தானே வேணும்?"

மறுநாள் காலை நதீரா சட்டையை அயன் பெட்டியால் மினுக்கிக் கொடுத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இண்டைக்கு மட்டும் மேடையப் பாருங்க. சாவி கைக்கு வரட்டும், மறுகா ஊர எடுங்க."

பார்த்தார். தளம் தொடங்கிய பிறகு முதன்முறையாக மசூர் மேடையை நோக்கி நின்றார். சேர் சிரித்தார், எடுத்தார். சேர் இன்னொருவருக்குச் சாவி கொடுத்துச் சிரித்தார், அதையும் எடுத்தார். எல்லாச் சிரிப்பும் ஒரே சிரிப்பு. பின்னாலிருந்து யாரோ, "மசூர் காக்கா, நாங்க இஞ்ச இரிக்கம்" என்று குரல் கொடுத்தார். மசூரின் கழுத்து ஒருமுறை துடித்தது, திரும்பவில்லை. செயலாளர் திருப்தியாகத் தலையாட்டினார்.

பிறகு மசூரின் பெயரை வாசித்தார்கள். கமெராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி மேடையேறினார். சேர் சாவியைத் தூக்கிப் பிடித்துச் சிரிப்பை ஆயத்தம் செய்தார். மசூர் தற்செயலாகக் கூட்டத்தின் பக்கம் பார்த்தார். பந்தல் முழுவதும் முகங்கள். எந்தக் கதிரையில் ஏறி நின்றாலும் கிடைக்காத உயரம். அழுகிறவர், கொட்டாவி விடுகிறவர், முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு நதீரா. இடது பக்கத்துப் பாதியை மட்டும் சேரின் தோள் மறைத்தது.

கமெரா கண்ணுக்குப் போய்விட்டது. மற்றக் கையால் சேரைத் தள்ளி நிற்கும்படி காட்டினார். கமெராக்காரர் கை காட்டினால் நகர்வது சேருக்கு நெடுநாள் பழக்கம், நகர்ந்தார். செயலாளர் படியேறி ஓடிவந்தார். மசூர் கண்ணை எடுக்கவில்லை. சேரை நகர்த்திய அந்தக் கையை மட்டும், உள்ளங்கை மேலே பார்க்க, சாவி இருந்த பக்கமாக நீட்டினார்.